வேலிக் கோவையின் பூர்வீகம்: பெயர்சூட்டலும் பூச்சித் தேடலும்

சங்கப் பாடல்களில் 'தொண்டை', பக்திப் பாடல்களில் 'கொவ்வை' என வருவது நம் வேலிகளில் படரும் கோவைக்கொடிதான். அதன் பழத்தின் சிவப்பு, இதழுக்கு உவமையாகிப் பழகிப்போன ஒன்று. காளிதாசரின் மேகதூதத்திலும் அது உண்டு. இலையைக் கரியோடு அரைத்துப் பள்ளிக் கரும்பலகைக்குப் பூசிய தலைமுறை இன்னும் நம்மிடையே இருக்கிறது. இவ்வளவு நெருங்கிய கொடியின் பூர்வீகம் வேறு கண்டமாக இருக்கலாம் என்ற ஐயம் எளிதில் எழாது. தாவரவியலும் இந்தியாவிலிருந்தே அதன் கதையை எழுதத் தொடங்கியது.

கொச்சியின் டச்சு ஆளுநர் வான் ரீடு தொகுத்த 'ஹோர்த்துஸ் மலபாரிகஸ்' நூலில் கோவை அதன் மலையாளப் பெயரோடு இடம்பெற்றது. 1767இல் லின்னேயஸ் அதைப் 'பிரையோனியா' பேரினத்தில் சேர்த்தார். அது பொருந்தாத இடம். மதராஸ் மாகாணத்தில் மருத்துவராகப் பணியாற்றிய ராபர்ட் வைட், வாக்கர் ஆர்னாட்டுடன் சேர்ந்து 1834இல் வெளியிட்ட தீபகற்ப இந்தியத் தாவர நூலில் 'காக்சினியா' என்ற தனிப் பேரினத்தை நிறுவினார். 1845இல் வாய்ட் என்ற வேறொரு தாவரவியலாளர் வெளியிட்ட கல்கத்தாத் தோட்டப் பட்டியலில் 'காக்சினியா கிராண்டிஸ்' என்ற இன்றைய பெயர் அமைந்தது.

அடுத்த திருப்பம் உயிரணுவியலில் வந்தது. கோவையில் ஆண்கொடி வேறு, பெண்கொடி வேறு. வெள்ளைப் பூவைப் புரட்டிப் பார்த்தாலே தெரிந்துவிடும்: பெண்பூவின் அடியில் பிஞ்சுக் காய் போலச் சூலகம் புடைத்திருக்கும், ஆண்பூவுக்கு வெறும் காம்புதான். காய்க்காக வளர்ப்பவர்கள் பெண்கொடியின் தண்டை வெட்டிப் பதியம் போடுவதால், தோட்டங்களில் ஆண்கொடி கண்ணில் படுவதே அரிது. 1940இல் குமார், தேவ்திகர் இருவரும் இக்கொடியின் பால் குரோமோசோம்களைப் பற்றிக் 'கரண்ட் சயின்ஸ்' இதழில் எழுதினர். மனிதரில் இருப்பது போலவே இங்கும் ஆணிடம் எக்ஸ், ஒய். பெண்ணிடம் இரண்டு எக்ஸ். ஆனால் மனிதரின் ஒய் சிறியது. கோவையின் ஒய்யோ மற்ற எல்லாக் குரோமோசோம்களையும்விடப் பெரியது. பூக்கும் தாவரங்களில் பெரும்பாலானவை ஒரே செடியில் இருபாலையும் கொண்டவை என்பதை நினைத்தால், வேலியோரக் கொடிக்கு ஆய்வகங்களில் கிடைத்த மதிப்பு புரியும்.

பூர்வீகக் கேள்வியைக் கூர்மையாக்கியது இந்தியா அல்ல, பசிபிக் தீவுகள். காய்க்காக ஆசியாவிலிருந்து கொண்டுபோகப்பட்ட கோவை, 1980களில் ஹவாயில் களையாகப் பரவியது. மரங்களையும் மின்கம்பங்களையும் போர்த்தி, கீழிருந்த செடிகளுக்கு வெயில் கிடைக்காமல் செய்தது. வெள்ளரி வகைகளைத் தாக்கும் பழ ஈக்கும் இடம் கொடுத்தது. களைக்கொல்லியால் கட்டுப்படுத்துவது கடினம், ஏனெனில் கிழங்கு போன்ற வேரிலிருந்து அது மீண்டும் தழைத்துவிடும். அதனால் ஆய்வாளர்கள் இக்கொடியை மட்டும் தின்னும் பூச்சியைத் தேடினார்கள். தேடிப் போன இடம் இந்தியா அல்ல, கென்யா. இதைத்தான் நான் முக்கியமாகக் கருதுகிறேன்: மரபணுச் சான்று கைக்கு வருமுன்பே, ஒரு கொடியின் தனிப்பகைவர்கள் அதன் உறவினங்கள் நிறைந்த மண்ணில்தான் இருப்பார்கள் என்ற எளிய தர்க்கம் அவர்களை ஆப்பிரிக்காவுக்கு இட்டுச் சென்றது. தண்டைத் துளைக்கும் ஓர் அந்துப்பூச்சி 1996இலும், இலைக்குள் சுரங்கம் அரிக்கும் கூன்வண்டு 1999இலும் ஹவாயில் விடப்பட்டன. பின்னர் குவாம், சாய்பான் தீவுகளுக்கும் அவை கொண்டுசெல்லப்பட்டன. அந்தப் பணியில் குவாம் பல்கலைக்கழகப் பூச்சியியலாளர் ஆர். முனியப்பனுக்குப் பெரும்பங்கு உண்டு.

மூலக்கூறுச் சான்று 2011இல் வந்தது. தாவரவியலாளர்கள் நோர்பர்ட் ஹோல்ஸ்டைனும் சூசன் ரென்னரும் டி.என்.ஏ. வரிசைகளைக் கொண்டு காக்சினியாவின் வம்சாவளியை வரைந்தபோது, அதன் சுமார் 25 இனங்களும் சஹாராவுக்குத் தெற்கே வேர்கொண்டவை எனத் தெளிவானது. அவற்றில் ஆப்பிரிக்காவைத் தாண்டி ஆசியாவுக்கு இயல்பாகப் பரவியது கோவை ஒன்றே. ஆனாலும் பெயரிடல் விதிப்படி 1834ஆம் ஆண்டுப் பேரினப் பெயருக்கே முன்னுரிமை. அதனால் கென்யக் காடுகளிலும் காங்கோ ஆற்றுப் படுகையிலும் படரும் அதன் உறவினங்கள் எல்லாம், தென்னிந்தியக் கொடி ஒன்றை வைத்து வைட் நிறுவிய பெயரையே இன்றும் தாங்கி நிற்கின்றன.