91 ஆண்டுகள் காணாமல் போன கிளி

கிளி என்றதும் கோவில் கோபுரத்துப் பொந்தும், ஜோசியக்காரரின் கூண்டும், கொய்யாத் தோப்பும்தான் நம் நினைவுக்கு வரும். ஆனால் ஸ்வெட்டர் இல்லாமல் மனிதன் நிற்க முடியாத குளிரில், மூடுபனி சூழ்ந்த மலைக்காட்டில் வாழும் கிளிகளும் உண்டு. அப்படிப்பட்ட ஒரு கிளி 91 ஆண்டுகள் உலகின் கண்ணில் படாமல் இருந்தது. அது எப்படி நடந்தது என்று பார்ப்போம்.

1911: முதல் சந்திப்பு

தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலை, கொலம்பியா நாட்டுக்குள் மூன்று தொடர்களாகப் பிரிகிறது. 1911இல் நியூயார்க்கில் உள்ள அமெரிக்க இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் அங்கே பறவைகளைச் சேகரிக்க ஒரு குழுவை அனுப்பியிருந்தது. அதன் தலைவர் ஃபிராங்க் சாப்மன். குழுவைச் சேர்ந்த ஆர்தர் ஆலனும் லியோ மில்லரும் நடுத் தொடரில் 3,000 மீட்டருக்கு மேல் உள்ள காட்டில் ஒரு புதிய கிளியைக் கண்டனர். நம் ஊர் மைனா அளவுதான் இருக்கும். பச்சை உடல், நீல உச்சந்தலை, தோளில் சிவப்பு, இறக்கையில் கருநீலம்.

அந்தக் காலத்தில் ஒரு பறவையைக் கண்டால் சுட்டு, தோலைப் பதப்படுத்தி எடுத்துச் செல்வதுதான் வழக்கம். அப்படிப் போய்ச் சேர்ந்த தோல்களை வைத்து 1912இல் சாப்மன் அதை விவரித்து எழுதினார். தன்னுடன் கொலம்பியாவுக்கு வந்திருந்த புகழ்பெற்ற பறவை ஓவியர் லூயி அகாசிஸ் ஃபுவெர்ட்டெஸின் பெயரையே அதற்குச் சூட்டினார். ஃபுவெர்ட்டெஸ் 1927இல், அவர் சென்ற கார் ரயிலில் மோதி இறந்தார். அதுவரை அவர் பெயர் கொண்ட கிளியை யாரும் மறுபடி பார்த்ததாக உறுதியான தகவல் இல்லை. அதற்குப் பிறகும் பல பத்தாண்டுகளுக்கு இல்லை!

ஏன் கண்ணில் படவில்லை?

முதல் காரணம், அது வாழும் இடம். மலையின் உயரத்தில் ஒரு குறுகிய பட்டையில் மட்டுமே இந்தக் கிளி இருக்கிறது. பாசி படர்ந்த பெரிய மரங்களில், இலையோடு இலையாக உட்கார்ந்து தின்னும். பறக்கும்போதுதான் தெரியும். அதற்குள் பனி வந்து மறைத்துவிடும்.

இரண்டாவது, மனிதர்கள். மாட்டுக்கு மேய்ச்சல் நிலம் வேண்டும் என்று அந்த மலைச்சரிவுகளின் காடு பெருமளவு அழிக்கப்பட்டது. மிஞ்சியவை துண்டு துண்டான காடுகள். 1948இல் தொடங்கிய உள்நாட்டு வன்முறையும், பின்னர் வந்த கெரில்லாப் போரும் கொலம்பிய மலைகளில் ஆய்வாளர்கள் நடமாடுவதையே ஆபத்தாக்கின.

மூன்றாவது காரணம் கொஞ்சம் விசித்திரமானது. பல காலம் இந்தக் கிளியை வேறொரு கிளியின் துணையினமாகவே பலரும் கருதினார்கள். தனி இனம் என்றால் "அது எங்கே போனது?" என்று கேட்பார்கள். துணையினத்தைத் தேடி யார் மலை ஏறுவார்கள்? இடையில் பார்த்ததாக ஓரிரு செய்திகள் வந்தும் அவை உறுதியாகவில்லை.

2002: பதினான்கு கிளிகள்

1999இல் அதே நடுத் தொடரில், அழிந்துவிட்டதோ என்று அஞ்சப்பட்ட மஞ்சள் காதுக் கிளிகள் 81 கண்டுபிடிக்கப்பட்டன. அப்படியென்றால் இன்னொன்றும் இருக்கலாம் அல்லவா? தேடல் தொடர்ந்தது. 2002இல் ப்ரோஅவெஸ் என்ற கொலம்பிய அமைப்பைச் சேர்ந்த ஹோர்ஹே வெலாஸ்கெஸும் அலோன்சோ கெவேடோவும் ஒரு சிறு கூட்டத்தைக் கண்டனர். மொத்தம் 14 கிளிகள்.

இந்த முறை யாரும் சுடவில்லை. அவை என்ன தின்கின்றன, எங்கே கூடு கட்டுகின்றன என்று உட்கார்ந்து பார்த்தார்கள். முக்கிய உணவு புல்லுருவிப் பழம். நம் ஊரில் உழைக்காமல் பிழைப்பவனைத் திட்டும் சொல் அது. அங்கே ஒரு கிளி இனமே அதை நம்பி இருக்கிறது! பழைய பெரிய மரங்களில்தான் புல்லுருவி நன்றாக வளரும். கூட்டுக்கான பொந்தும் அவற்றில்தான் கிடைக்கும். ஆக, மரம் போனால் சோறும் வீடும் சேர்ந்தே போய்விடும்.

அதனால் ப்ரோஅவெஸ் அந்தக் காட்டின் பகுதிகளைக் காப்பகமாக்கியது. மரப்பொந்துக்குப் பதிலாகக் கூட்டுப் பெட்டிகளை மாட்டி வைத்தது. கிளிகள் அவற்றை ஏற்றுக்கொண்டு குஞ்சு பொரித்தன. எண்ணிக்கை மெல்ல உயர்ந்தது. ஆனாலும் இன்றுவரை மொத்தம் சில நூறுக்குள்தான் இருக்கும். ஆபத்து நீங்கிவிடவில்லை.

காணவில்லை என்பதும் இல்லை என்பதும் ஒன்றல்ல. இந்த வேறுபாடு வெறும் சொல் விளையாட்டு இல்லை. அழிந்துவிட்டது என்று எழுதி மூடிவிட்டால், அந்தப் பறவைக்காக யாரும் காட்டை வாங்க மாட்டார்கள், பெட்டி மாட்ட மாட்டார்கள். மிச்சமிருக்கும் மரங்களையும் யாராவது வெட்டிவிடுவார்கள். அந்த 14 கிளிகள் பிழைத்தது, யாரோ சிலர் கணக்கை மூடாமல் தேடிப் போனதால்தான்.