கட்டடங்கள் சொல்லும் நம் கதை



"சிங்கப்பூரில் நம்மவர்கள் கட்டிய பழைய கட்டடம் எது?" என்று யாரைக் கேட்டாலும் உடனே வரும் பதில், சவுத் பிரிட்ஜ் ரோடு மாரியம்மன் கோயில். சற்று யோசிப்பவர்கள் நாகூர் தர்காவையும் சேர்த்துச் சொல்வார்கள். நானும் பல ஆண்டுகள் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஒருமுறை படப்பிடிப்புக்காகச் சிட்டி ஹால் எம்ஆர்டி நிலையத்தின் அருகில் இருக்கும் செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்துக்குப் போயிருந்தோம். வெள்ளை வெளேரென்று நிற்கும் அந்தக் கட்டடத்தின் முன் நின்று நான் சொல்ல வேண்டியது இரண்டே வரி: "இதனைக் கட்டியவர் கர்னல் ரொனல்ட் மெக்பெர்சன். 1861ஆம் ஆண்டு முதல் வழிபாடு நடந்தது." நான் சொல்லி முடித்ததும், கேமராவைப் பிடித்திருந்த மூத்த அண்ணன் ஒருவர் சிரித்துக்கொண்டே கேட்டார்: "ஏம்மா, கர்னலா கல்லு சுமந்தாரு?"

அவர் வேடிக்கையாகத்தான் கேட்டார். ஆனால் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. வரைபடம் போட்டவர் மெக்பெர்சன், அதில் சந்தேகமில்லை. கல் சுமந்தவர்கள் யார்? இன்றைய பேச்சை அங்கிருந்தே தொடங்குகிறேன்.

1824ஆம் ஆண்டு ஆங்கிலேயரும் டச்சுக்காரரும் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டார்கள். அதன்படி சுமத்ராவில் ஆங்கிலேயர் வசம் இருந்த பென்கூலன் டச்சுக்காரரின் கைக்குப் போனது. அங்கே வைத்திருந்த இந்தியக் கைதிகளை என்ன செய்வது? 1825ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் சிங்கப்பூருக்கு அனுப்பினார்கள். முதலில் வந்தவர்கள் சென்னை மாகாணத்திலிருந்து நாடு கடத்தப்பட்ட 80 பேர். சில நாட்களில் வங்காளத்தைச் சேர்ந்த 122 பேர் வந்தார்கள். பிறகு இந்தியாவிலிருந்தே நேராகக் கப்பல் கப்பலாக வந்தார்கள். தமிழர், தெலுங்கர், வங்காளி, பஞ்சாபி என்று பல மொழிக்காரர்கள் அவர்களில் இருந்தார்கள். ஆகவே எல்லாப் பெருமையையும் தமிழருக்கே எழுதிக்கொள்ள வேண்டாம். அதே நேரத்தில் முதல் கப்பலில் வந்தவர்கள் எந்தக் கரையிலிருந்து புறப்பட்டவர்கள் என்பதையும் மறக்க வேண்டாம்.

இவர்களைக் கொண்டு அரசாங்கம் சாலை போட்டது, சதுப்பு நிலத்தை வற்ற வைத்தது, பாலம் கட்டியது. 1841ல் பிராஸ் பசா வட்டாரத்தில் அமைந்த சிறைச்சாலையின் கட்டடங்களை எழுப்பியவர்களும் கைதிகளே. தங்களுக்கான சிறையைத் தாங்களே கட்டிக்கொண்டார்கள்! இன்று மாணவர்கள் மடிக்கணினியும் காப்பிக் கோப்பையுமாக நடந்து செல்லும் பல்கலைக்கழக வட்டாரம் அது. சிறைக்குக் காவலர்களாகவும் கைதிகளிலேயே நன்னடத்தை உள்ளவர்களை நியமித்தார்கள். அந்தச் சிறையின் பொறுப்பில் இருந்த மேஜர் மெக்நேர், 1899ல் வெளியிட்ட நூலுக்குக் கைதிகளே தங்களின் காவலர்கள் என்ற பொருளில்தான் தலைப்பு வைத்தார். செங்கல் அறுப்பது, கல் உடைப்பது, தச்சு வேலை, கொத்து வேலை என்று ஒவ்வொருவருக்கும் ஒரு தொழில் கற்றுக்கொடுக்கப்பட்டது. சிராங்கூன் ரோட்டில் அவர்களுடைய செங்கல் சூளை இருந்தது.

தேவாலயத்துக்கு வருவோம். அதே இடத்தில் கோல்மன் வடிவமைத்த பழைய தேவாலயம் ஒன்று 1830களில் எழுந்தது. 1845லும் 1849லும் அதன்மீது இடி விழுந்தது. கட்டடம் பாதுகாப்பில்லை என்று 1852ல் மூடிவிட்டார்கள். புதியதற்கு 1856ஆம் ஆண்டு மார்ச் 4ஆம் தேதி அடிக்கல் நாட்டியவர் கல்கத்தாவின் பேராயர். 1862ஆம் ஆண்டு ஜனவரியில் அதனைப் புனிதப்படுத்த வந்தவரும் அவருக்குப்பின் வந்த கல்கத்தாப் பேராயர்தான். சிங்கப்பூர் 1867வரை இந்தியாவிலிருந்து ஆளப்பட்ட ஊர் என்பதை நாம் பாடப்புத்தகத்தில் ஒரு வரியாகப் படித்துவிட்டுப் போகிறோம். அடிக்கல்லில் இருந்து அபிஷேகம் வரை ஆள் கல்கத்தாவிலிருந்து வர வேண்டியிருந்தது என்று தெரியும்போதுதான் அந்த வரிக்கு உயிர் வருகிறது.

கையில் பணம் குறைவு. கைதிகளுக்குக் கூலி கொடுக்க வேண்டியதில்லை. எனவே ஆங்கிலக் கிராமத்து தேவாலயங்களைப் போன்ற கூரிய வளைவுகளையும் உயர்ந்த கோபுரத்தையும், அத்தகைய கட்டடத்தை வாழ்நாளில் பார்த்தே இராத கைகள் எழுப்பின. முதலில் திட்டமிட்ட கனமான கோபுரத்தை அடித்தளம் தாங்காது என்று தெரிந்ததும், எடை குறைந்த கூர்ங்கோபுரமாக மாற்றிக் கட்டினார்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது சுவர்ப் பூச்சுதான். மெக்நேர் இதனை விவரமாக எழுதி வைத்திருக்கிறார். மணல் சேர்க்காத கிளிஞ்சல் சுண்ணாம்பை நைசாக அரைத்து, முட்டையின் வெள்ளைக் கருவும் சர்க்கரையும் சேர்த்துப் பசைபோல் அடிக்க வேண்டும். தேங்காய் மட்டையை ஊற வைத்த தண்ணீரை அதில் விட வேண்டும். சுவரில் பூசிக் காய்ந்தபிறகு படிகக்கல்லாலோ வழவழப்பான உருண்டைக் கல்லாலோ தேய்த்துத் தேய்த்து, கசியும் ஈரத்துக்கு மாக்கல் பொடியைத் தூவி, மீண்டும் தேய்த்தால் பளிங்குபோல் மின்னும். ஆங்கிலேயர் இதற்கு வைத்த பெயர் மெட்ராஸ் சுண்ணாம்பு. செட்டிநாட்டு வீடுகளுக்குப் போனவர்களுக்கு இந்த வழவழப்பு புதிதல்ல. முகத்தைப் பார்த்துக்கொள்ளலாம் போன்ற அந்தச் சுவர்களின் கைப்பக்குவம்தான் கடல் கடந்து வந்து ஓர் ஆங்கிலிக்கன் தேவாலயத்தின் சுவரில் ஏறியிருக்கிறது. எத்தனை முட்டை உடைத்திருப்பார்கள் என்று எங்கள் குழுவில் ஒருவர் கணக்குப் போடத் தொடங்கினார். மதிய உணவு நேரம் வந்ததால் கணக்கு பாதியில் நின்றுவிட்டது.

தேவாலயத்தின் உள்ளே நினைவுப் பலகைகள் பல இருக்கின்றன. அதிகாரிகள், வணிகர்கள், போரில் இறந்தவர்கள். சுற்றிச் சுற்றி வந்து படித்தேன். கட்டிய கைதிகளில் ஒருவரின் பெயரும் என் கண்ணில் படவில்லை. 1867க்கும் 1869க்கும் இடையே எழுந்த இஸ்தானாவிலும் இதே கதைதான். வடிவமைத்தவர் அதே மெக்நேர். உழைத்தவர்கள் அதே கைதிகள். பொது உபசரிப்பு நாளில் குடும்பத்தோடு வரிசையில் நின்று இஸ்தானாவுக்குள் போகிறோமே, அப்போது பிள்ளைகளிடம் இதனைச் சொல்லலாம். 1873ல் கைதிச் சிறை மூடப்பட்டது. விடுதலையானவர்களில் பலர் ஊர் திரும்பாமல் இங்கேயே கொத்தனாராகவும் மாட்டுவண்டிக்காரராகவும் தங்கி, இந்த ஊர் மக்களாகிவிட்டார்கள்.

கைதிகளுக்குப் பெயர்ப்பலகை இல்லாத அதே காலத்தில், தமிழுக்குக் கல்லில் ஓர் இடம் கிடைத்தது என்பது இன்னொரு விசித்திரம். 1850ஆம் ஆண்டு பிப்ரவரியில் இந்தியத் தலைமை ஆளுநர் டல்ஹௌசி பிரபு சிங்கப்பூருக்கு வந்துபோனார். அதன் நினைவாக நிறுத்தப்பட்ட கூம்புத்தூண் இன்று எம்பிரஸ் பிளேசில், ஆசிய நாகரிக அரும்பொருளகத்தின் பக்கத்தில் இருக்கிறது. அதில் ஆங்கிலம், சீனம், ஜாவி எழுத்தில் மலாய், தமிழ் என நான்கு மொழிகளில் வாசகம் இருக்கிறது. தடைகளற்ற வணிகத்தைப் புகழும் வாசகம் அது! சுதந்திர நாடாகி நான்கு அதிகாரத்துவ மொழிகள் வருவதற்கு நூறாண்டுக்கும் முன்பே, இந்த ஊரில் பொது அறிவிப்பு என்றால் தமிழும் வேண்டும் என்று யாரோ முடிவு செய்திருக்கிறார்கள். அந்தப் பக்கம் போகிறவர்கள் ஆற்றையும் கடலையும் படம் பிடிக்கிறார்கள். தூணைச் சுற்றிப் போய்த் தமிழ்ப் பக்கத்தைப் பார்த்துவிட்டு வாருங்கள்.

மாரியம்மன் கோயிலை நான் விட்டுவிட்டேன் என்று எண்ண வேண்டாம். அதன் நிறுவனர் நாராயண பிள்ளை 1819ஆம் ஆண்டு மே மாதம் பினாங்கிலிருந்து ராஃபிள்சுடன் 'இந்தியானா' கப்பலில் வந்தவர். ஊரில் வீடு கட்ட ஆளில்லை என்று கண்டதும், பினாங்கிலிருக்கும் நண்பர்களுக்குச் சொல்லிக் கொத்தனார்களையும் தச்சர்களையும் வரவழைத்தார். செங்கல் சூளை வைத்தார். துணிக்கடையும் போட்டார். 1822ல் கடை தீயில் போனது. மீண்டும் எழுந்தார். 1823ல் சவுத் பிரிட்ஜ் ரோட்டில் நிலம் கிடைத்து, 1827ல் மரமும் அத்தாப்புக் கூரையுமாகக் கோயில் எழுந்தது. அவர் வைத்த சிறிய அம்மன் சிலை இன்றும் கருவறையில் இருக்கிறது. செங்கல் கோயில் 1843ல் வந்தது. நாம் இன்று பார்க்கும் கோபுரம் 1925ஆம் ஆண்டைச் சேர்ந்தது. அதன்மேல் நிற்கும் சுதைச் சிற்பங்கள் 1960களில் பெருகின. 2010லும் 2023லும் குடமுழுக்கு நடந்தபோது தமிழ்நாட்டுச் சிற்பிகள் வந்து வண்ணம் தீட்டிப் போனார்கள். ஆக, 'பழைய கோயில்' என்று நாம் சொல்வது ஒரே நாளில் கட்டியதல்ல. தலைமுறைக்குத் தலைமுறை மேலே மேலே ஏறிக்கொண்டிருக்கும் கட்டடம்.

கோயிலை ஒட்டிய தெருவின் பெயர் டெம்பிள் ஸ்திரீட். மறுபக்கம் பகோடா ஸ்திரீட். பகோடா என்றால் சீனக் கோபுரம் என்று சுற்றுப்பயணிகள் நினைத்துக்கொள்கிறார்கள். ஐரோப்பியர் நம் கோபுரத்தைத்தான் அன்று பகோடா என்று அழைத்தார்கள். சைனாடவுனின் நடுவே ஒரு தெரு முழுக்க நம் கோபுரத்தின் பெயரைத் தாங்கி நிற்கிறது.

அந்தத் தெருவைக் கடந்தால் ஜாமியா சூலியா பள்ளிவாசல். 1826ல் தமிழ் முஸ்லிம்கள் தொடங்கியது. 1830களில் இன்றைய கட்டடம் எழுந்தது. வாயில் சாலையைப் பார்த்திருக்கும். தொழுகைக் கூடமோ மக்காவின் திசைக்குச் சற்றுத் திரும்பியிருக்கும். நில அளவையாளர் போட்ட கோட்டுக்கு வாயிலும், மார்க்கம் காட்டிய திசைக்குக் கூடமும்! அதற்குப் பெரிய பள்ளி என்றும் பெயர். அப்படியானால் சின்னப் பள்ளி? தெலுக் ஆயர் ஸ்திரீட்டின் அல் அப்ரார் பள்ளிவாசலைக் 'குச்சுப் பள்ளி' என்று அழைத்தார்கள். 1827ல் குச்சு வீடுபோலத் தொடங்கியதால் வந்த பெயர். இன்று அது தேசிய நினைவுச்சின்னம். பெயர் மட்டும் குச்சாகவே இருக்கிறது.

அதே தெருவில்தான் 1830 வாக்கில் கட்டி முடிக்கப்பட்ட நாகூர் தர்கா. அன்று அதன் எதிரே கடல். கடற்பயணிகளின் காவலர் என்று போற்றப்பட்ட நாகூர் ஷாகுல் ஹமீது ஆண்டவரின் நினைவுக்குக் கரையிலேயே ஒரு கட்டடம் எழுந்தது இயல்புதான். சற்றுத் தள்ளி சீனர்கள் தங்கள் கடல் தெய்வத்துக்குத் தியன் ஹொக் கெங் ஆலயத்தை எழுப்பினார்கள். கரை தொட்டதும் நன்றி சொல்லும் இடம் இருவருக்கும் ஒரே தெருவில். பிறகு கடலைத் தூர்த்தார்கள். தர்கா நின்ற இடத்திலேயே நிற்கிறது. கடல்தான் வெகு தூரம் போய்விட்டது. 2011ல் அது இந்திய முஸ்லிம் மரபுடைமை நிலையமாகத் திறக்கப்பட்டது.

எல்லா நினைவுச்சின்னங்களுக்கும் இந்த ஆயுள் வாய்ப்பதில்லை. எஸ்பிளனேட் பூங்காவில் 1945ஆம் ஆண்டு ஜூலை 8ஆம் தேதி நேதாஜி ஒரு நினைவுச்சின்னத்துக்கு அடிக்கல் நாட்டினார். இந்திய தேசிய ராணுவத்தில் உயிர்விட்டவர்களுக்காக. மலாயாத் தோட்டங்களிலிருந்து சேர்ந்த தமிழர்கள் அந்தப் படையில் ஏராளம். செப்டம்பரில் பிரிட்டிஷார் திரும்பியதும் முதல் வேலையாக அதனை வெடி வைத்துத் தகர்த்தார்கள். இரண்டு மாதத்துச் சின்னம். ஒரு கல்லுக்கு அவ்வளவு அஞ்சினார்கள் என்பதே அதன் வலிமைக்குச் சான்று என்பது என் எண்ணம். 1995ல் அந்த இடத்தில் வரலாற்றுக் குறிப்புப் பலகை வைக்கப்பட்டது.

வெடி வைக்காமலும் கட்டடங்கள் போகும். மார்க்கெட் ஸ்திரீட்டை நம் பெரியவர்கள் செட்டித் தெரு என்பார்கள். அங்கே இருந்த கிட்டங்கிகளில் நகரத்தார் பெட்டியடியில் அமர்ந்து கடன் கொடுத்தார்கள்; இரவில் அங்கேயே பாய் விரித்துப் படுத்தார்கள். 1970களில் மறுசீரமைப்பின்போது அவை இடிக்கப்பட்டு உயர்ந்த அலுவலகக் கட்டடங்கள் வந்தன. ஒரு கிட்டங்கியையாவது விட்டுவைத்திருக்கலாம் என்ற ஆதங்கம் எனக்கு உண்டு. அவர்கள் 1859ல் டேங்க் ரோட்டில் கட்டிய தண்டாயுதபாணி கோயில்கூட 1980களில் புதிதாகக் கட்டப்பட்டதுதான். 2014ல் அதனைத் தேசிய நினைவுச்சின்னமாக அறிவித்தபோது, புதுக் கட்டடத்துக்கா இந்தத் தகுதி என்று சிலர் முணுமுணுத்தார்கள். தகும் என்பேன். கல் புதியது, அங்கே நடப்பது பழையது.

தைப்பூசத்துக்கு முதல் நாள் வெள்ளி ரதம் டேங்க் ரோட்டிலிருந்து கியோங் சைக் ரோடு லயன் சித்தி விநாயகர் கோயிலுக்குப் போய், மாலையில் திரும்பும்போது அந்த வணிக வட்டாரத்தைக் கடந்து வருவதைப் பார்த்திருக்கிறேன். அலுவலகம் முடிந்து வெளியே வந்த ஓர் இளைஞர் கைத்தொலைபேசியில் படம் எடுத்தபடி என்னிடம் ஆங்கிலத்தில் கேட்டார், கோயிலே இல்லாத இந்தப் பக்கம் ரதம் ஏன் வருகிறது என்று. எதிரே இருந்த கண்ணாடிக் கட்டடத்தின் வாசலைக் காட்டி, இங்கே முன்பு சிலர் பாய் விரித்துப் படுத்திருந்தார்கள் என்றேன். அவர் கட்டடத்தையும் ரதத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு இன்னொரு படம் எடுத்துக்கொண்டார்.