கிட்டியும் கான்ஸ்டேபிளும்

சிறு வயதில் நான் அடம் பிடித்தால் என் பாட்டி, "இரு, உனக்குக் கிட்டி போடச் சொல்கிறேன்!" என்பாள். கிட்டி என்றால் கிட்டிப்புள் என்றே வெகு காலம் நினைத்திருந்தேன். விளையாட்டைச் சொல்லி ஏன் பயமுறுத்துகிறாள் என்பதுதான் விளங்கவில்லை. ஒரு நாவலுக்காகப் பழைய சர்க்கார் அறிக்கை ஒன்றைப் புரட்டியபோது விளங்கியது. இரண்டு கட்டைகளுக்கு நடுவே ஒருவன் விரல்களை வைத்து நெருக்குவதற்குப் பெயர் கிட்டி. கிஸ்திப் பணம் வரும் வரையில் நெருக்குவார்கள்.

அறிக்கை 1855-ஆம் வருஷத்தியது. சென்னை ராஜதானியில் குடியானவர்களை வதைத்து வரி வசூலிக்கிறார்கள் என்று அதற்கு முந்தின வருஷம் பிரிட்டிஷ் பார்லிமெண்டில் பேச்சு எழுந்தது. கும்பினியார் எலியட், ஸ்டோக்ஸ், நார்ட்டன் என்ற மூவரைக் கொண்டு கமிஷன் வைத்தார்கள். இந்த எலியட் பட்டணத்துப் போலீஸுக்குத் தலைவராக இருந்தவர். எலியட்ஸ் பீச்சில் காற்று வாங்கியவர்கள் அவர் பெயரை அறியாமலே உச்சரித்திருப்பார்கள். கமிஷனுக்கு வந்த புகார்கள் 1,959. அவற்றில் 519 பேர் நேரிலேயே வந்து சொன்னார்கள். ரயில் ஓடாத காலத்தில் பட்டணத்துக்கு நடந்து வருவதென்றால் என்ன என்று வாசகர்கள் யோசித்துக்கொள்ளலாம்.

கிட்டி ஒன்றுதானா? அண்ணாந்தாள் என்று ஒன்று. ஆளைக் குனிய வைத்துக் கட்டிப்போட்டு வெயிலில் விடுவது. திண்ணைப் பள்ளிக்கூடத்து வாத்தியார்களுக்கும் அந்த வித்தை தெரிந்திருந்தது. இந்தப் பட்டியலை மேலும் நீட்ட எனக்கு மனம் வரவில்லை.

நாவலுக்கு ஒரு கொடியவன் வேண்டும் என்றுதான் நான் அந்த அறிக்கைக்குள் புகுந்தேன். கிடைத்ததோ ஒரு கச்சேரி ஏற்பாடு! 1816-ல் மன்றோவின் யோசனைப்படி போலீஸ் அதிகாரத்தைக் கலெக்டரிடம் ஒப்படைத்திருந்தார்கள். பழைய தரோகாக்கள் போனார்கள். தாசில்தார் வரி வசூலிப்பவர்; அவரே தாலுகாவின் போலீஸ் தலைவர். அவருடைய சேவகன் காலையில் கிஸ்தி கேட்பான், மாலையில் திருடனைத் தேடுவான். அடிபட்டவன் யாரிடம் போய்ச் சொல்வது? கலெக்டருக்கு மனு எழுதினால், "தாசில்தாரிடம் போ" என்று அதன் மேலேயே எழுதித் திரும்பி வரும். கட்டிப்போட்டவனிடமே கட்டை அவிழ்க்கச் சொல்லிப் போக வேண்டும்! இந்தக் கதையைக் கார்ல் மார்க்ஸ்கூட 1857-ல் ஒரு நியூயார்க் பத்திரிகையில் எழுதினார்.

வரி வசூலையும் போலீஸையும் பிரிக்க வேண்டும் என்பது கமிஷனின் முடிவு. 1859-ல் 24-ஆவது சட்டம் வந்தது. ராபின்ஸன் என்பவர் புதிய போலீஸுக்குத் தலைவரானார். ஜில்லாவுக்கு ஒரு சூப்பரின்டெண்ட், அவருக்குக் கீழே இன்ஸ்பெக்டர்கள், ஹெட் கான்ஸ்டேபிள்கள், கான்ஸ்டேபிள்கள் என்று படிக்கட்டு அமைந்தது. ராபின்ஸன் 1860-ல் இந்தியப் போலீஸ் கமிஷனிலும் உட்கார்ந்தார். அதை அடுத்து 1861-ல் பொதுச் சட்டம் பிறந்தபோதிலும், சென்னை தன் பழைய சட்டத்தை விடவில்லை.

பிரித்தது நல்ல காரியம். அதை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். தாசில்தாரின் கையிலிருந்து தடி போயிற்று. ஆனால் ஊருக்குள் யார் திருடன் என்று அறிந்த ஆள் தலையாரி. அவன் ரெவின்யூ பக்கத்திலேயே நின்றுவிட்டான். புதிய கான்ஸ்டேபிளோ ஊருக்கு அந்நியன், அவன் சம்பளமும் சொற்பம். துப்புத் தெரியாதவனிடம் குற்றவாளியைக் கொண்டுவா என்றால் அவன் என்ன செய்வான்? கையில் அகப்பட்டவனை உதைத்து ஒப்புக்கொள்ள வைக்கத்தான் தோன்றும். 1902-ல் கர்ஸன் பிரபு மறுபடியும் ஒரு கமிஷன் வைக்க வேண்டியிருந்தது. பிரேஸர் தலைமையில் கூடிய அந்தக் கமிஷன், போலீஸில் லஞ்சமும் கொடுமையும் மலிந்திருப்பதாகவே எழுதியது. கான்ஸ்டேபிளுக்கு மாதம் 8 ரூபாய்க்குக் குறையாமல் கொடுங்கள் என்றும் எழுதியது.

என் நாவலில் சேவகன் கொடியவனாக வரவில்லை. மாசக் கடைசியில் கடன்காரனுக்கு ஒளிந்துகொண்டு, கிட்டிக் கட்டையைக் கக்கத்தில் இடுக்கியபடி வருகிறான். பாட்டி இருந்திருந்தால், அவளுடைய பாட்டி எந்த வருஷத்தில் பிறந்தாள் என்று ஒரு வார்த்தை கேட்டிருப்பேன்.