பால் கட்டிக்கொண்டால் அழுத்தித் தேய்க்கலாமா? வேலைக்குத் திரும்பும் தாய்மார்கள் கவனிக்க வேண்டியது என்ன?

காலை ஷிப்ட் 6 மணிக்கு என்றால், கம்பெனி பஸ் நாலே முக்காலுக்கே ஊருக்குள் வந்து நின்றுவிடும். தேன்கனிக்கோட்டை, கெலமங்கலம், சூளகிரி, பாகலூர் பக்கமிருந்து ஓசூர் தொழிற்பேட்டைக்கு வேலைக்குப் போகிற பெண்களுக்கு இது பழகிப்போன நேரம்தான். ஆனால் வீட்டில் ஐந்து மாதக் குழந்தை இருந்தால் கணக்கு மாறிவிடுகிறது. விடியற்காலை 4 மணிக்குப் பால் கொடுத்துவிட்டு பஸ் ஏறினால், அடுத்த முறை கொடுப்பது மதியம் 3 மணிக்கு மேல்தான். கிட்டத்தட்ட 11 மணி நேர இடைவெளி. வேலைக்குத் திரும்பிய முதல் வாரத்திலேயே பலருக்கும் மார்பு கனத்து, ஒரு பக்கம் மட்டும் கல் மாதிரி கட்டியாகி, தொட்டாலே உயிர் போகிற வலி வந்துவிடுகிறது.

"பால் கட்டிக்கிச்சு, வெந்நீர்ல ஒத்தடம் கொடுத்து நல்லா அமுக்கி எடுத்துடும்மா, இல்லேன்னா சீழ் வெச்சிடும்" என்பார் அம்மா. "அந்தப் பக்கம் பால் கொடுக்காதே, குழந்தைக்கு ஆகாது" என்பார் பக்கத்து வீட்டு அக்கா. இரண்டுமே அக்கறையில் சொல்வதுதான். ஆனால் இரண்டையும் இன்றைய மருத்துவம் ஏற்பதில்லை. அழுத்தவும் கூடாது, பால் கொடுப்பதை நிறுத்தவும் கூடாது என்கிறது.

பால் கட்டு என்றால் என்ன?

மார்பகத்துக்குள் பால் சுரக்கும் சிறுசிறு பைகள் இருக்கின்றன. அங்கிருந்து மெல்லிய நாளங்கள் வழியாகப் பால் காம்புக்கு வருகிறது. இந்த நாளங்களில் ஏதாவது ஒரு பகுதியில் ஓட்டம் தடைபட்டால், அந்த இடம் மட்டும் கெட்டியாகி வலிக்கும். பட்டாணி அளவிலும் இருக்கலாம், எலுமிச்சை அளவிலும் இருக்கலாம். மேலே தோல் லேசாகச் சிவந்திருக்கலாம். காய்ச்சல் இருக்காது. பெரும்பாலும் ஒன்றிரண்டு நாளில் தானாகவே கரைந்துவிடும்.

பிரசவமான மூன்றாவது, நான்காவது நாளில் இரண்டு மார்பும் சேர்ந்து விம்மி இறுகுவது வேறு விஷயம். அது பால் முழுதாக இறங்கும்போது வருவது, கிட்டத்தட்ட எல்லோருக்கும் ஓரளவு இருக்கும். வீட்டில் இரண்டையும் 'பால் கட்டு' என்றே சொல்வதால் குழப்பம் வருகிறது. இங்கே நாம் பேசுவது ஒரு பக்கத்தில், ஒரு இடத்தில் மட்டும் வரும் கட்டியைப் பற்றி.

ஏன் அழுத்தக் கூடாது?

இதில்தான் மருத்துவர்களின் பார்வையே கடந்த சில ஆண்டுகளில் மாறியிருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட கையேட்டில், பால் தேங்குவதே மூல காரணம், ஆகவே தேங்கிய பாலை வெளியேற்றுவதே முதல் சிகிச்சை என்று இருந்தது. 'அடைப்பு' என்றால் குழாயில் கட்டி மாட்டிக்கொண்ட மாதிரி, அழுத்தித் தள்ளினால் வெளியே வந்துவிடும் என்ற நினைப்பு அதிலிருந்து வளர்ந்ததுதான்.

தாய்ப்பாலூட்டல் மருத்துவத்துக்கான சர்வதேச மருத்துவர் அமைப்பான அகாடமி ஆஃப் பிரெஸ்ட்ஃபீடிங் மெடிசின், 2022இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் இதைத் திருத்தியது. நாளத்துக்குள் பால் கல்லாகி மாட்டிக்கொள்வதில்லை. நாளத்தைச் சுற்றியுள்ள திசு வீங்கி, அந்த வீக்கம் நாளத்தை நெருக்கிச் சுருக்குகிறது என்பதே அதன் விளக்கம்.

சுளுக்கு விழுந்து வீங்கிய கணுக்காலை யாராவது உட்கார்ந்து பிசைவார்களா? அதே கதைதான் இதுவும். கட்டியை விரலால் அழுத்தித் தேய்ப்பது, சீப்பின் முதுகால் வழிப்பது, வைப்ரேட்டர் வைப்பது எல்லாம் உள்ளே இருக்கும் நுண்ணிய ரத்தக் குழாய்களையும் திசுவையும் காயப்படுத்தும். வீக்கம் கூடும். சாதாரணமாக இரண்டு நாளில் போயிருக்க வேண்டிய கட்டி, பெரிய அழற்சியாக மாறுவது இப்படித்தான்.

சரி, என்னதான் செய்வது?

முதல் விஷயம், குழந்தை கேட்கும்போது வழக்கம்போல் கொடுங்கள். வலிக்கிற பக்கமும் கொடுக்கலாம். வீக்கம் இருக்கும்போது பால் லேசாக உப்புக் கரிக்கலாம் என்பதால் சில குழந்தைகள் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். அது கெட்டுப்போன பால் இல்லை, குழந்தைக்கு ஒன்றும் ஆகாது.

அதே நேரம், 'காலி ஆகிற வரைக்கும் எடுத்துடணும்' என்று அரை மணிக்கு ஒரு முறை பம்ப் போடுவதும் தவறு. மார்பகம் தண்ணீர் டேங்க் மாதிரி இல்லை. எவ்வளவு எடுக்கிறோமோ அவ்வளவு தேவை இருக்கிறது என்று உடல் எடுத்துக்கொண்டு இன்னும் அதிகமாகச் சுரக்கும். ஏற்கெனவே நெரிசலாக இருக்கும் இடத்துக்கு மேலும் பால் வந்து சேரும்.

அடுத்தது குளிர்ச்சி. ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றி, பத்து நிமிடம் வரை ஒத்தி எடுக்கலாம். ஒரு நாளில் பல முறை செய்யலாம். ஐஸை நேராகத் தோலில் வைக்க வேண்டாம். பால் கொடுப்பதற்குச் சற்று முன் வெதுவெதுப்பான துணி வைத்தால் சிலருக்கு இதமாக இருக்கும், பால் இறங்கவும் உதவும். ஆனால் நாள் முழுக்க வெந்நீர் ஒத்தடம் கொடுத்துக்கொண்டே இருந்தால் வீக்கம் கூடலாம். (ஐஸ் என்றாலே வீட்டுப் பெரியவர்கள் 'பிள்ளைக்குச் சளி பிடிக்கும்' என்பார்கள். மார்புக்கு வெளியே வைக்கும் ஐஸால் பாலோ குழந்தையோ குளிர்ந்துவிடாது.)

தடவியே ஆக வேண்டும் என்றால், பூனைக்குட்டியைத் தடவுகிற அளவு மென்மையாக, காம்பிலிருந்து அக்குள் பக்கமாகத் தடவலாம். நிணநீர் அந்தத் திசையில்தான் வடியும். கட்டியைக் காம்பு நோக்கித் தள்ள வேண்டாம்.

வலிக்கு பாராசிட்டமால், இபுபுரூஃபன் இரண்டுமே பாலூட்டும்போது பொதுவாகப் பாதுகாப்பானவை. இபுபுரூஃபன் வீக்கத்தையும் குறைக்கும். ஆனால் அல்சர், சிறுநீரகப் பிரச்னை, ஆஸ்துமா உள்ளவர்கள் மருத்துவரிடம் கேட்காமல் அதைப் போடக் கூடாது. அளவையும் மருத்துவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள். காம்பின் நுனியில் வெள்ளைப் புள்ளி தெரிந்தால் ஊசியால் குத்திப் பார்க்கும் பழக்கம் சிலருக்கு உண்டு. தயவுசெய்து வேண்டாம்.

மல்லிகைப்பூ கட்டலாமா?

இது நம் பக்கத்துக் கேள்வி. பால் கட்டினால் மல்லிகைச் சரத்தை மார்பில் வைத்துக் கட்டுவது பாட்டி காலத்து வழக்கம். இது வெறும் நம்பிக்கை இல்லை. வேலூர் சிஎம்சி மருத்துவர்கள் 1988இல் ஓர் ஆய்வையே வெளியிட்டார்கள். பால் சுரப்பை நிறுத்தக் கொடுக்கப்படும் புரோமோகிரிப்டின் மாத்திரையோடு ஒப்பிட்டபோது, மல்லிகைப்பூவும் பால் சுரப்பைக் குறைத்ததாக அதில் தெரியவந்தது.

சிக்கலே அங்கேதான். மல்லிகை கட்டியைக் கரைப்பதாகச் சொல்லவில்லை, பாலையே குறைக்கிறது என்கிறது ஆய்வு. குழந்தை தவறியவர்கள், பால் கொடுக்க முடியாத நிலையில் இருப்பவர்கள் பாலை வற்றவைக்க இதைப் பயன்படுத்தியதற்குக் காரணம் இருக்கிறது. இன்னும் ஒரு வருஷம் கொடுக்க வேண்டும் என்று நினைக்கிற தாய், ஒரு சின்னக் கட்டிக்காக மல்லிகை கட்டினால் இருக்கிற பாலும் போய்விடலாம். பாட்டியின் மருந்து வேலை செய்யும் மருந்துதான், ஆனால் வேறு நோய்க்கு.

எப்போது ஆஸ்பத்திரிக்குப் போகணும்?

100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு மேல் காய்ச்சல், குளிர் நடுக்கம், உடம்பெல்லாம் அடித்துப் போட்ட வலி, மார்பில் ஆப்பு வடிவத்தில் பரவும் சிவப்பு இருந்தால் அது மார்பக அழற்சி. ஆங்கில மருத்துவத்தில் மாஸ்டைட்டிஸ் என்பார்கள். 24 மணி நேரத்தில் குறையவில்லை என்றால், அல்லது ஆரம்பத்திலேயே மிகவும் முடியவில்லை என்றால், மருத்துவரைப் பார்த்தே ஆக வேண்டும். எல்லா அழற்சியும் கிருமித் தொற்று இல்லை. தொற்று என்றால் ஆன்டிபயாடிக் தேவைப்படும். பாலூட்டும்போது எடுத்துக்கொள்ளக் கூடியவை இருக்கின்றன, ஆகவே 'பால் கொடுக்கிறேன்' என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். ரெண்டு நாளில் காய்ச்சல் விட்டதும் மாத்திரையை நிறுத்தக் கூடாது.

இந்த நேரத்தில் பால் கொடுப்பதை ஒரேயடியாக நிறுத்துவதுதான் ஆபத்து. அப்படி நிறுத்தினால் சீழ்க்கட்டியாக மாறும் வாய்ப்பு கூடும். சீழ் கோத்துவிட்டால் ஸ்கேன் பார்த்து ஊசி வைத்தோ, சிறிதாகக் கீறியோ எடுக்க வேண்டியிருக்கும். அதற்குப் பிறகும்கூடப் பெரும்பாலானவர்களால் பால் கொடுக்க முடியும்.

காய்ச்சல் இல்லை, வலியும் இல்லை, ஆனால் கட்டி இரண்டு மூன்று வாரமாக அப்படியே இருக்கிறது என்றால் 'பால் கட்டுதானே' என்று விட்டுவிடாதீர்கள். அபூர்வமாக மார்பகப் புற்றுநோயும் இப்படி மறைந்திருக்கும். பாலூட்டும் காலத்தில் அல்ட்ராசவுண்ட் எடுப்பதால் தீங்கு ஏதும் இல்லை. ஓசூர் அரசு மருத்துவமனை, கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போன்ற இடங்களில் காட்டலாம். எங்கே போவது என்றே தெரியவில்லை என்றால் 104க்கு அழைத்துக் கேட்கலாம்.

வேலைக்குத் திரும்பும் முன்

கட்டி வந்த பிறகு பார்ப்பதைவிட, வராமல் பார்த்துக்கொள்வது சுலபம். வேலைக்குச் சேர இரண்டு வாரம் இருக்கும்போதே, ஷிப்ட் நேரத்தில் வரும் பால் கொடுக்கும் இடைவெளியைக் கொஞ்சம் கொஞ்சமாக நீட்டிப் பழகுங்கள். ஒரே நாளில் இரண்டு மணி நேரத்திலிருந்து 11 மணி நேரத்துக்குத் தாவினால் உடல் தாங்காது. வேலை இடத்தில் ஒரு முறையோ இரண்டு முறையோ, குழந்தை வழக்கமாகக் குடிக்கும் நேரத்தை ஒட்டி, கையாலோ பம்ப்பாலோ பாலை எடுத்துவிடுங்கள். மார்பை இறுக்கும் பிரா, இறுக்கமான யூனிஃபார்ம், மார்புக்குக் குறுக்கே அழுத்தும் பை வார் எல்லாமே அந்த இடத்தில் ஓட்டத்தைத் தடுக்கும்.

எடுத்த பாலைக் கீழே ஊற்றிவிட வேண்டாம். 25 டிகிரி வரை உள்ள அறை வெப்பத்தில் 4 மணி நேரம், ஃபிரிட்ஜில் 4 நாள் வரை தாங்கும். ஓசூர் குளிர் ஊர்தான் என்றாலும் ஏப்ரல், மே மாதத்தில் அதை நம்ப முடியாது. ஐஸ் பேக் வைத்த சின்னப் பையில் வீட்டுக்குக் கொண்டுவரலாம்.

எங்கே உட்கார்ந்து எடுப்பது என்பதுதான் பெரிய பிரச்னை. பஸ் நிலையங்களில் தாய்மார்கள் பாலூட்டும் அறைகளைத் தமிழக அரசு 2015 ஆகஸ்டில் தொடங்கியது. தொழிற்சாலைகளில் பால் எடுக்கத் தனி அறை வேண்டும் என்று சட்டத்தில் வெளிப்படையாக ஒரு வரி இல்லை. அதனால் பலருக்கும் பாத்ரூம்தான் கதி. குடிக்கிற பாலை அங்கே வைத்து எடுக்கச் சொல்வது எந்த நியாயம் என்று தெரியவில்லை.

சட்டம் என்ன சொல்கிறது?

1961ஆம் ஆண்டின் மகப்பேறு உதவிச் சட்டம், 2017 திருத்தத்துக்குப் பிறகு, முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம் சம்பளத்துடன் விடுப்பு தருகிறது. 2025 நவம்பரில் அமலுக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் இது அப்படியே இருக்கிறது. இந்த 26இல் 8 வாரம் வரை பிரசவத்துக்கு முன்பே எடுக்கலாம். அப்படி எடுத்துவிட்டால் பிரசவத்துக்குப் பின் மிஞ்சுவது 18 வாரம். அதாவது குழந்தைக்கு நாலு மாசம் முடிந்ததும் அம்மா லைனில் நிற்க வேண்டும். ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும் கொடுங்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். இதை முன்கூட்டியே கணக்குப் போட்டு விடுப்பைத் தொடங்குவது நல்லது. தமிழக அரசு ஊழியர்களுக்கு 2021இலிருந்து 12 மாதம் கிடைக்கிறது, தனியார் தொழிற்சாலைக்கு அது பொருந்தாது.

வேலைக்குத் திரும்பிய பிறகு, குழந்தைக்கு 15 மாதம் ஆகும் வரை, வழக்கமான ஓய்வு நேரம் போக தினமும் இரண்டு பாலூட்டும் இடைவேளை உண்டு. 50 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் இருக்க வேண்டும், தாய் ஓய்வு இடைவேளையையும் சேர்த்து ஒரு நாளில் நான்கு முறை அங்கே போய் வரலாம். குழந்தையை விடியற்காலை பஸ்ஸில் கூட்டி வர முடியாதவர்கள் அந்த இரண்டு இடைவேளையைப் பால் எடுக்கக் கேட்கலாம். வாயால் கேட்பதைவிட எச்.ஆரிடம் எழுதிக் கொடுப்பது நல்லது.

இது மத்திய சட்டம். ஆகவே ஓசூரில் குடியிருந்துகொண்டு அத்திப்பள்ளி தாண்டி பொம்மசந்திரா, ஜிகணி பக்கம் வேலைக்குப் போகிறவர்களுக்கும் இதே உரிமைதான். ஒப்பந்தத் தொழிலாளியாக இருந்தாலும் சம்பளத்தில் இஎஸ்ஐ பிடித்தம் இருந்தால் மகப்பேறு உதவி இஎஸ்ஐ வழியாகக் கிடைக்கும். அதற்கு முந்தைய இரண்டு பங்களிப்புக் காலங்களில் குறைந்தது 70 நாட்களுக்குப் பிடித்தம் செய்யப்பட்டிருக்க வேண்டும். கான்ட்ராக்டர் மாறும்போது இந்த நாட்கள் விட்டுப்போகாமல் ஒரே இஎஸ்ஐ எண்ணில் தொடர்கிறதா என்று சம்பளச் சீட்டில் பார்த்துக்கொள்ளுங்கள்.