வீடு தேடும் நாய்க்குட்டிகள் – ஒரு சிறு வரலாறு



போன மாதம் என் மகள் ஒரு விலங்குக் காப்பகத்திலிருந்து எட்டு மாத நாட்டு நாய்க்குட்டி ஒன்றைப் படம் பிடித்து அனுப்பினாள். “அப்பா, இதை யாரும் எடுக்கவில்லையாம், நீங்கள் வளர்க்கிறீர்களா?” என்று கேட்டாள். என் மனைவியோ, “இந்த வயசில் நமக்கு எதுக்குங்க நாய்? நமக்குப் பிறகு அதை யார் பார்ப்பாங்க?” என்றாள். நியாயமான கேள்வி. பதில் சொல்லத் தெரியாமல், என் வழக்கப்படி பழைய வரலாற்றைப் புரட்டினேன்.

நான் பிரெஞ்சில் படித்தவன் என்பதால் முதலில் பிரான்சுக்குத்தான் போனேன். அங்கே விலங்குப் பாதுகாப்புச் சங்கம் 1845-இல் பாரிசில் தோன்றியது. 1850 ஜூலை 2-ஆம் நாள் கிராமோன் சட்டம் வந்தது. வீட்டு விலங்குகளைப் பொது இடத்தில் கொடுமைப்படுத்தினால் 5 முதல் 15 பிராங்க் வரை அபராதம், 1 முதல் 5 நாள் வரை சிறை. ‘பொது இடத்தில்’ என்ற சொல்லைக் கவனியுங்கள். வீட்டுக்குள் அடித்தால் அந்தச் சட்டம் கேட்காது.

சட்டம் அடியைத் தடுக்கலாம், ஆனால் சோறு போடாது. அந்த வேலையைச் செய்தவர் லண்டனில் மேரி டீல்பி என்ற பெண்மணி. அவருடைய தோழி தெருவில் பட்டினியால் துவண்டு கிடந்த ஒரு நாயைத் தூக்கி வந்தார். அது பிழைக்கவில்லை. அந்த வருத்தத்தில், 1860-இல் ஹாலோவே பகுதியில், காணாமல்போன, பட்டினி கிடக்கும் நாய்களுக்கென்று ஒரு தற்காலிக இல்லத்தை டீல்பி தொடங்கினார். மனிதர்களே பட்டினி கிடக்கும் ஊரில் நாய்க்கு இல்லமா என்று பத்திரிகைகள் கேலி செய்தன. 1862-இல் சார்லஸ் டிக்கன்ஸ் நடத்திய இதழில் அந்த இல்லத்தைப் பரிவோடு பாராட்டி ஒரு கட்டுரை வந்தபின் மக்கள் மனம் மெல்ல மாறியது. 1871-இல் இல்லம் பேட்டர்சிக்கு இடம் மாறியது. 1885-இல் விக்டோரியா மகாராணி அதன் புரவலரானார். இன்றும் அது நடக்கிறது.

அதே 1885-இல்தான் பாரிசில் லூயி பாஸ்தர், வெறிநாய் கடித்த ஒன்பது வயதுச் சிறுவன் ஜோசப் மைஸ்டருக்குத் தடுப்பூசி போட்டுக் காப்பாற்றினார். தெருநாயைக் கண்டால் அடிக்க ஓடிய அந்நாளைய மக்களையும் நாம் குறை சொல்ல முடியாது. வெறிநோய் வந்தால் சாவு உறுதி என்ற பயம் அவர்களுக்கு.

நம் பக்கத்துக்கு வருவோம். சென்னையில் விமானி கேப்டன் சுந்தரம் தம் குடும்பத்தாரோடு தியாகராய நகர் வீட்டிலேயே ஆதரவற்ற விலங்குகளைக் கவனிக்கத் தொடங்கி, ‘புளூ கிராஸ்’ அமைப்பை உருவாக்கினார். மாநகராட்சி நாய்களைப் பிடித்து மின்சாரம் பாய்ச்சிக் கொன்றுவந்த காலம் அது. கொல்லுவதால் எண்ணிக்கை குறையாது, கருத்தடை செய்து தடுப்பூசி போட்டால்தான் குறையும் என்று அவர்கள் பல ஆண்டுகள் வாதாடினார்கள். 1996-இல் சென்னை மாநகராட்சி அந்த வழிக்கு வந்தது. 2001-இல் மத்திய அரசே அதை விதியாக்கியது.

இதையெல்லாம் படித்தபோது ஒன்று மனதில் தைத்தது. மேரி டீல்பி இல்லத்தைத் தொடங்கும்போது அறுபதை நெருங்கிவிட்டார். ஐந்தே ஆண்டுகளில், 1865-இல், காலமானார். தமக்குப் பிறகு யார் பார்ப்பார்கள் என்று யோசித்து அவர் சும்மா இருந்திருந்தால் அந்த இல்லமே இருந்திருக்காது. ஆனால் தனியாளாக நடத்தாமல் ஒரு குழுவை அமைத்துத் தொடங்கினார். அதனால்தான் அவருக்குப் பிறகும் அது நின்றது.

என் மனைவியின் கேள்விக்கு விடை அதில் கிடைத்தது. நாய் பன்னிரண்டு, பதின்மூன்று ஆண்டு வாழும். எனக்கு வயது எழுபத்து நான்கு. ஆகவே காப்பகப் படிவத்தில் என் பெயருக்குக் கீழே என் மகளின் பெயரையும், அவள் சம்மதத்தோடு, எழுதிக் கொடுத்தேன். முப்பது வருடம் அலுவலகத்தில் கோப்பு பார்த்தவனுக்கு, கையெழுத்து போடும் முன் அடுத்த பொறுப்பாளர் யார் என்று பார்ப்பது பழக்கம்தானே!

குட்டி வந்து இருபது நாள் ஆகிறது. வெறிநோய்த் தடுப்பூசி போட்டாயிற்று, கருத்தடைக்கு நாள் குறித்தாயிற்று. முதல் வாரம் கட்டிலுக்கு அடியிலேயே கிடந்தது. இப்போது என் மனைவி சமையலறைக்குப் போனால் பின்னாலேயே போகிறது. “எதுக்குங்க நாய்?” என்று கேட்டவள்தான் தயிர்சாதம் பிசைந்து வைக்கிறாள்.

உங்களில் யாராவது வாங்க நினைத்தால், விலை கொடுத்து வெளிநாட்டு இனம் தேடாதீர்கள். நம் வெயிலுக்கு நம் நாட்டு நாயே பொருத்தம். அருகிலுள்ள காப்பகத்துக்கு ஒருமுறை போய்ப் பாருங்கள். போகும் முன் பிள்ளைகளோடும் பேசிவிடுங்கள்.