அல்சூர் ஏரிக்கரையில் சில சரித்திரங்கள்

கல்யாணம், சீமந்தம் என்று பெங்களூர் வரும் நம் அன்பர்கள் லால்பாக், விதான சௌதாவோடு ஊர் திரும்பிவிடுவது வழக்கம். அரை நாள் அவகாசம் இருந்தால் அல்சூர் ஏரியையும் பார்க்கும்படி சிபாரிசு செய்கிறேன்.

பெங்களூருக்கு ஜீவநதி கிடையாது. ஆகவே 1537-ல் ஊரை நிர்மாணித்த கெம்பே கௌடரும் அவர் வம்சத்தாரும் ஏரிகளை நம்பியே ஊரை வளர்த்தார்கள். ஒன்று நிரம்பினால் உபரி நீர் அடுத்ததற்குப் போகும். அவற்றில் இன்றும் நீரோடு இருப்பவற்றுள் ஒன்று அல்சூர். கன்னடத்தில் ‘ஹலசு’ என்றால் பலா; பலாத்தோப்பு இருந்ததால் ஹலசூரு என்று பெயர் வந்ததாம்.

நான் படகில் சுற்றியபோது, நடுவிலுள்ள திட்டுகளின் மரங்களில் கொக்குகளும் நீர்க்காகங்களும் நிறையத் தென்பட்டன. அருகே மதராஸ் சாப்பர்ஸ் படையின் முகாம். 1780-ல் சென்னை ராஜதானியில் தோன்றிய இப்படையின் வீரர்களுக்குச் செல்லப் பெயரே ‘தம்பி’! கௌடர் வம்சத்தார் எழுப்பிய நான்கு காவல் கோபுரங்களில் ஒன்று இம்முகாமில் உள்ளது. எல்லையில் நின்ற கோபுரம் இன்று நகரின் நடுவில் நிற்கிறது. 18 வருஷங்கள் மூடிக் கிடந்து 2009 ஆகஸ்ட் 9-ல் திறக்கப்பட்ட திருவள்ளுவர் சிலையும் ஏரிக்கு அருகில்தான்.

அடுத்து சோமேஸ்வரர் தரிசனம். விஜயநகர பாணி ராஜகோபுரம். கிரிஜா கல்யாணத்தோடு நம் நாயன்மார்களும் சிற்பங்களாக இருக்கிறார்கள். சற்றுத் தள்ளி தொம்மலூர் சொக்கநாத ஸ்வாமி கோயில். பெயரைக் கேட்டு சிவன் என்று எண்ண வேண்டாம், இவர் பெருமாள்! அங்கே 13-ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டுகள் உள்ளன. 1809-ல் ஆங்கிலேயர் கண்டோன்மென்ட் அமைத்த பிறகே இங்கு தமிழர் வந்ததாக நினைப்பவர்களுக்கு அந்தக் கல்லே பதில்.

குழாய்த் தண்ணீர் வந்ததும் ஏரிகளின் மவுசு குறைந்தது. தர்மாம்புதி ஏரி மெஜஸ்டிக் பஸ் நிலையமாயிற்று. சம்பங்கி ஏரி கண்டீரவா மைதானமாயிற்று. அல்சூரிலும் கழிவுநீர் கலந்து, 2016 மார்ச்சில் மீன்கள் கூட்டமாக மடிந்து மிதந்தன. கோயிலைக் கட்டியவர்கள் தீர்த்தத்தையும் சேர்த்தே காத்தார்கள். நாமும் ஏரியில் ஒரு பூமாலையைக்கூடப் போடாமல் திரும்பினால் அதுவும் கைங்கர்யம்தான்.