அருவிக்கு மேலே இருக்கும் ஊர்கள்

மழைக்காலம் முடிந்த கையோடு திண்டிவனம், விழுப்புரம் தோழர்கள் சேர்ந்து வேன் பிடித்துக் கல்வராயன் மலைக்குப் போனோம். கள்ளக்குறிச்சி, கச்சிராயபாளையம், கோமுகி அணை தாண்டி வெள்ளிமலைச் சாலையில் ஏறினால் பெரியார் அருவி. 2019 வரை இதெல்லாம் நம் விழுப்புரம் மாவட்டம்தான்.

காட்டில் ஊறும் நீர் ஓடையாகச் சேர்ந்து பாறையில் விழுகிறது. எங்களோடு வந்த பெரியவர்கள் சிலர் சிறுவயதில் ஊர்க்குளத்தில் கால் நனைத்ததில்லை. பொதுக்கிணறும் பொதுக்குளமும் எல்லோருக்கும் உரியவை என்று 1924இலேயே சென்னை அரசு ஆணை போட்டுவிட்டது. 1927 மார்ச் 20இல் அண்ணல் அம்பேத்கர் மகாடு குளத்து நீரை அள்ளிக் குடித்தார். ஆனாலும் நம் ஊர்களில் குளம் ஊருக்குத்தான், சேரிக்கு இல்லை. அருவியிலோ எந்தத் தெரு என்று யாரும் கேட்பதில்லை. அன்று எங்களுக்கு அவ்வளவு குதூகலம்.

அந்தக் குதூகலத்தில்தான் எங்களில் ஒரு மாணவர், "மலைக்காரங்கன்னா சாராயம்தானே" என்று சிரித்தார். இன்னும் சிலரும் சிரித்தோம். நம்மைப் பற்றி ஊர் பேசும் அதே பேச்சு நம் வாயிலிருந்தே வந்தது. திரும்பும் வழி முழுக்க வேனில் இதுதான் பேச்சு.

இந்த மலை மூன்று ஜாகிர்தார்களின் கையில் இருந்தது: சடையக் கவுண்டர், குறும்பக் கவுண்டர், ஆரியக் கவுண்டர். கிருஷ்ணதேவராயர் கொடுத்த உரிமை என்று வழிவழியாகச் சொல்லிவந்தார்கள். மலையாளிப் பழங்குடி மக்கள் அவர்களுக்கு வரியும் கட்டினார்கள், கூலியில்லாமல் வேலையும் செய்தார்கள். ஆண்டவர்களும் அதே மலையாளிகள்தான்; ஒடுக்குகிறவர் வெளியிலிருந்துதான் வரவேண்டும் என்பதில்லை. ஜமீன் ஒழிப்புச் சட்டம் 1948இல் வந்தது. கல்வராயன் மலையை அரசு கையில் எடுத்ததோ 1976இல்! கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வந்ததும் அதே ஆண்டுதான். சமவெளியில் நாம் ஐந்து பொதுத்தேர்தல்களைக் கேட்டும் பார்த்தும் முடித்திருந்தோம் அல்லவா, கிட்டத்தட்ட அத்தனை காலம் அங்கே ஜாகிர் நடந்திருக்கிறது.

ஜாகிர்தார் போனார், வனத்துறை வந்தது. வனத்துறை என்றால் மலையாளி மக்களுக்கு என்ன நினைவு வரும் என்பதற்குப் பக்கத்துச் சித்தேரி மலையடிவாரத்து வாச்சாத்தி போதும். 1992 ஜூன் 20இல் சந்தனமரம் தேடுகிறோம் என்று வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆட்கள் நுழைந்தார்கள். 18 பெண்கள் வன்புணர்வுக்கு ஆளானார்கள். 2011இல் தருமபுரி நீதிமன்றம், உயிரோடிருந்த 215 பேரும் குற்றவாளிகள் என்றது. 2023இல் உயர் நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. தீர்ப்பு முழுமையாக 31 ஆண்டுகள்.

2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் விஷச்சாராயம் குடித்து 60க்கும் மேற்பட்டோர் செத்தார்கள், பெரும்பாலும் நம் மக்கள். அதன் பிறகுதான் உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து கல்வராயன் மலை மக்களின் நிலை என்ன என்று வழக்கு எடுத்தது. கீழே பிணம் விழுந்தால்தான் மேலே யார் இருக்கிறார்கள் என்று கேட்கிறார்கள்.

2006 வன உரிமைச் சட்டப்படி, 2005 டிசம்பர் 13க்கு முன்பிருந்தே காட்டு நிலத்தில் உழுதுவரும் பழங்குடியினருக்கு அந்த நிலத்தில் உரிமை உண்டு. தமிழ்நாட்டில் நீதிமன்றத் தடையால் 2016 வரை பட்டா கொடுப்பது முடங்கிக் கிடந்தது. இப்போது மனு கிராமசபையில்தான் தொடங்குகிறது. ஜாகிர் காலத்தில் உழுதவன் பெயரில் காகிதம் ஏது என்று கேட்கலாம். ஊர்ப் பெரியவர்கள் சொல்வதை எழுதிக் கொடுத்தால் அதையும் சான்றாக ஏற்கச் சட்டவிதி இருக்கிறது, தோழர்களே. 1976இல் இருபது வயதாயிருந்தவருக்கு இன்று எழுபது.

சிரித்த மாணவர்தான் முதலில் பெயர் கொடுத்தார். அடுத்த முறை அருவியோடு திரும்பாமல் வெள்ளிமலைக்கு மேலே ஏறுகிறோம், நோட்டுப் புத்தகத்தோடு. எழுதத் தெரிந்தவர்கள் வரலாம்.